இருநூற்றுப் பன்னிரண்டாவது கோல்

லீக்கின் பதிவில் அவளுக்கு 211 கோல். அவளைக் கேட்டால் 212 என்பாள். அந்த ஒரு கோலைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கொடுப்பது நல்லது.

மெத்தைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ஊசி. நெட்டை, ஒல்லி, குத்துவாள். பெயர் வைத்தவர் மூன்றுக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். வயது முப்பத்தாறு. பதினான்கு வருடமாக ஒரே தளம், ஒரே மேசை. கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாயில்லாப் பூச்சி என்று பெயரெடுத்தவர். ஆனாலும் வாய் திறந்தால் ஒரு வார்த்தை சரியாக விழும். "மத்த வீட்டுல கோபம் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகும். எங்க வீட்டுல குடித்தனமே இருக்கு, வாடகையும் தர்றதில்ல" என்பார்.

தொழிற்சாலைக்கு ஒரு பெண்கள் லக்ராஸ் அணி உண்டு. லாரி திருப்புவதற்காக விட்டிருந்த பின்பக்கத்து நிலத்தில் பயிற்சி. ஊசியை அதில் இழுத்துவிட்டது அவள் அக்கா. அக்காவும் அப்போது அதே தளத்தில்தான் வேலை பார்த்தாள். ஒன்பது வருடம் இருந்துவிட்டு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கே போய்விட்டாள். சலவைக்கூடத்துக்கும் ஓர் அணி இருந்தது. இப்போது அதற்கு அவள்தான் கேப்டன். ஒரே அறையில் படுத்து வளர்ந்த இரண்டு பேரும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை எதிரெதிரே நின்று முட்டிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: நீளமான ஸ்டிக், அதன் நுனியில் கயிறு பின்னிய சின்ன வலை. ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்திக்கொண்டு ஓடி, எறிந்து, எதிரணியின் கோலுக்குள் போட வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. எது கோல், எது கோல் இல்லை என்பதில்தான் பாதிச் சண்டை. பந்து கோட்டை முழுதாகத் தாண்ட வேண்டும். பாதி தாண்டிக் கோட்டின் மேலேயே நின்றால் கோல் இல்லை. கோலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். எறிந்தவளின் கால் அதில் பட்டால் கோல் இல்லை. விசில் ஊதிய பிறகு எறிந்தாலும் இல்லை. தடுக்க வந்தவள் தடுமாறித் தன் கோலுக்குள் தானே தட்டிவிட்டால் மட்டும், பாவம், அது கோல்.

இன்னொரு விதி இருக்கிறது. இந்தக் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது. ஸ்டிக்கின் வலை ஆழமாகத் தொங்கக் கூடாது. தொங்கினால் பந்து பைக்குள் போட்டது போலக் கிடக்கும், யாராலும் தட்டிவிட முடியாது. அதனால், கோல் விழுந்ததும் எதிரணி கேப்டன் அந்த ஸ்டிக்கைச் சோதிக்கும்படி கேட்கலாம். நடுவர் ஸ்டிக்கைக் கேட்ட பிறகு, அதை அவர் கையில் கொடுப்பதற்குள் ஆட்டக்காரி வலையின் கயிற்றை இழுத்தால் தொலைந்தது. இழுத்தால் வலை மேலே ஏறி, இருந்த தப்பும் மறைந்துவிடும். ஆகவே இழுத்தவளின் ஸ்டிக் தப்பான ஸ்டிக் என்றே கணக்கு. தப்பான ஸ்டிக்கில் போட்டது கோல் இல்லை. நடுவர் கேட்பதற்கு முன்னால் இழுத்திருந்தால் குற்றமே கிடையாது.

ஊசிக்கு இழுக்கிற பழக்கம் உண்டு. மெத்தையின் மேல் வரிசையாகக் குழி விழுந்து பொத்தான் பதிந்திருக்குமே, அது கைவேலை. முழ நீள ஊசியை மேலிருந்து குத்திக் கீழே வாங்கி, பொத்தானைக் கோத்து முடிச்சுப் போட்டு, இரண்டு முறை சுண்டி இழுத்துப் பார்க்க வேண்டும். முடிச்சு அவிழ்ந்தால் மெத்தையே கடையிலிருந்து திரும்பி வரும், அதன் பின்னாலேயே திட்டும் வரும். அந்தத் தளத்தில் வேலை செய்பவர்களுக்கு எது முடிந்தாலும் கை தானாகவே இரண்டு முறை இழுக்கும். செருப்பு வார், காய்கறிப் பை, பிள்ளையின் சடை. ஊசியின் கணவர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் பொத்தானைப் பிடித்து இரண்டு இழு இழுத்துத்தான் வெளியே விடுவாள். கோல் போட்டாலும் அப்படித்தான். ஸ்டிக்கை இறக்குவாள், வலைக் கயிற்றை இரண்டு முறை இழுப்பாள். 211 கோலுக்கும் இழுத்திருக்கிறாள். யாரும் கவனித்ததில்லை, அக்காவைத் தவிர.

இறுதி ஆட்டம் மழையில் நடந்தது. ஒன்பதுக்கு ஒன்பது. மைதானம் சேறு, கேலரி முழுக்கக் குடை. சலவைக்கூடத்து ரசிகர்கள் வழக்கம்போல ஊசியைப் பிடித்துக்கொண்டார்கள். விசில் ஊதிய பிறகும் ஓடுகிறவள், எறிகிறவள் என்று அவளுக்கு லீக் முழுவதும் பெயர். அதனாலேயே ரத்தான கோல்களும் உண்டு, மஞ்சள் அட்டைகளும் உண்டு. "ராணியம்மா, விசில் ஊதியாச்சு!" என்று கேலரி கத்தும். ராணியம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். திமிர் என்றார்கள்.

ஆட்டம் முடிய அரை நிமிடம் இருக்கும்போது பந்து ஊசியிடம் வந்தது. மேலே ஒட்டிக்கொண்டு நின்றவள் அக்காதான். ஊசி வலது பக்கம் போவது போல் தோளைச் சாய்த்து, இடது பக்கம் திரும்பி, வட்டத்துக்கு வெளியே காலை ஊன்றி எறிந்தாள். பந்து தரையில் குத்தி எழும்பி உள்ளே போனது. தெளிவான கோல். கோலுக்கான விசில் ஊதிற்று. மெத்தைக்காரர்கள் குடையை வீசிவிட்டுக் குதித்தார்கள்.

"வலை தொங்கும், கேளு கேளு!" என்று சலவைக்கூடத்துக் கோல்கீப்பர் அலறினாள். அக்கா கையைத் தூக்கினாள். நடுவர் ஊசியின் பின்னால் இடது பக்கமாக வந்து, "ஸ்டிக்கைக் குடுங்க" என்றார். ஊசி கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கை இறக்கினாள். ஒன்று. இரண்டு. இழுத்துவிட்டுத் திரும்பினால் நடுவரின் நீட்டிய கை.

கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் சலவைக்கூடம் ஒன்று போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அன்று ஊசி பஸ் ஏறவில்லை. சேற்று ஷூவோடு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. மறுநாள் அவளுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது: கள்ளாட்டக்காரி. கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில், மகளின் பள்ளிக்கூட வாசலில். பதினான்கு வருடத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்து திரும்பி வந்ததில்லை அவளுக்கு. அவளைப் போய்க் கள்ளி என்றால்?

"நான் முன்னாடியே இழுத்துட்டேன். அந்தம்மா அப்புறம்தான் வந்து கை நீட்டினாங்க. சத்தியமா" என்று கணவரிடம் சொன்னாள்.

"சரி, விடு. ஒரு கோல்தானே."

"உங்க லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னா, 'ஒரு அடிதானே'ன்னு விட்டுட்டு வருவீங்களா?"

அவர் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

தொழிற்சாலை முறையீடு செய்தது. அணியின் மேலாளர் வேறு யாருமில்லை, தளத்துச் சூப்பர்வைசர்தான். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்கு ஒரு கோப்பை வேண்டுமென்று மேலிடத்துக்கு ஆசை. லீக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டது. விளையாட்டுச் சாமான் கடையின் மாடியில் ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் காற்றிறங்கிய பந்து மூட்டை. தலைவர் ஒரு பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பார். நடுவர் வார நாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யார் கை எப்போது எங்கே போகிறது என்று பார்ப்பதே அவருக்குப் பிழைப்பு.

"நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் இழுத்தாங்க" என்றார் நடுவர்.

"இல்ல. நான் இழுத்த பிறகுதான் நீங்க வந்தீங்க" என்றாள் ஊசி.

"ஏம்மா, நான் பொய் சொல்றேனா?"

"அப்ப நான் சொல்றேனா?"

பல் டாக்டர் மேசையைத் தட்டினார். அவ்வளவு பக்கத்தில் நின்ற மூன்றாவது ஆள் ஒருத்திதான். சலவைக்கூடத்துக் கேப்டன். "நீங்க என்ன பாத்தீங்க, எதுக்கும் பயப்படாம சொல்லுங்க" என்றார்.

அக்கா எழுந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் வெளுப்பு மருந்தின் வாடை. ஊசியின் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நடுவர் கேட்டாங்க. நல்லா சத்தமாவே கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் அவ இழுத்தா."

"பொய்!" ஊசி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "கோப்பைக்காக இப்படிப் பேசுவியா? கூடப் பொறந்தவதானே நீ?"

"பொய் இல்லடி. உனக்குக் கேக்கல."

"என்ன கேக்கல?"

அக்கா குழுவைப் பார்த்தாள். அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. காதில் விழாத பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வாள், இதைச் சொன்னால் கோலைக் கொடுத்துவிடுவார்கள் என்ற கணக்கு. "அவளுக்கு இடது காது கேக்காது சார். அஞ்சு வருஷமா. அந்த மெஷின் சத்தம். விசில் கேட்டு நிக்கிறவ இல்ல அவ, மத்தவங்க நிக்கிறதப் பாத்து நிக்கிறவ. அவ ஏமாத்தல."

சூப்பர்வைசர் மெதுவாகத் திரும்பி ஊசியைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் பார்த்தது அவள் கையை இல்லை, காதை.

ஊசி ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மேசைக்கு இடது கைப்பக்கம், துணியையும் பஞ்சையும் சேர்த்துத் தைக்கிற பெரிய மெஷின். அது ஓடினால் தரையே அதிரும். வாசலருகே சுவரில் காதடைப்பான் பெட்டி ஒன்று உண்டு. ஆரம்பத்தில் அதில் காதடைப்பான் இருந்தது. பிறகு தீர்ந்தது. பிறகு கேன்டீன்காரர் சர்க்கரைப் பொட்டலம் வைக்க ஆரம்பித்தார். முன்பு அதே வரிசையில் இருந்த ஒரு பெண் காது சரியில்லை என்று நேர்மையாகப் போய்ச் சொன்னாள். மறுவாரமே அவளைக் கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டார்கள். சம்பளம் குறைந்தது. ஓவர்டைமும் போனது. அதைப் பார்த்த பிறகு எவள் வாயைத் திறப்பாள்? ஊசி போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். கட்டிலில் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் உலகமே அடங்கிவிடும் என்று ஒருமுறை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கணவருக்கே தெரியாது. கூப்பிட்டால் திரும்பாததைக் கோபம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பல் டாக்டரும் குழுவின் மற்ற இருவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். நீண்ட நேரம் ஆகவில்லை.

"வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா விதியில 'நடுவர் கேட்ட பிறகு'ன்னுதான் இருக்கு. ஆட்டக்காரிக்குக் காதுல விழுந்த பிறகுன்னு இல்ல. கோல் கிடையாது. அடுத்த வருஷத்துலேருந்து நடுவர் முன்னாடி வந்து கையக் காட்டித்தான் கேக்கணும்னு மாத்திடலாம்."

"அடுத்த வருஷமா? ரொம்ப நன்றி சார். பல்லு முழுக்கக் கொட்டின பிறகு பிரஷ் குடுப்பீங்க போல" என்றாள் ஊசி. பல் டாக்டர் முதல் முறையாக வாயைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

மாடிப்படியில் அக்கா ஓடி வந்து பிடித்தாள். பழக்கத்தில் ஊசியின் வலது பக்கமாக வந்து நின்றாள்.

"கோல் கிடைக்கட்டும்னுதான்டி சொன்னேன்."

"யாரு கேட்டா உன்கிட்ட? என் வேலையத் தூக்கிக் குடுத்து எனக்குக் கோல் வாங்கித் தர்றியா? கடைசில ரெண்டும் இல்ல. நல்லா இருக்கா?"

"உன்னக் கள்ளின்னு சொல்றாங்க. கேட்டுட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"என்னக் கள்ளி ஆக்கினது யாரு? கையத் தூக்கினது யாரு? நான் இழுப்பேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லு."

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்."

"அந்தப் பக்கம் நின்னு கேட்டா எனக்குக் கேக்காதுன்னு?"

"அதுவும் தெரியும். அந்த நேரத்துல ஜெயிக்கணும்னுதான்டி இருந்துச்சு. வேற எதுவும் தோணல. நீயா இருந்தா…"

ஊசி அதற்கு மேல் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பி இடது காதை அக்காவுக்குக் கொடுத்தாள். அக்காவின் உதடு அசைந்துகொண்டிருக்க, படியிறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அவளை மேசைக்குப் போகவிடாமல் வாசலிலேயே நிறுத்தினார். குரலில் தேன்.

"கிடங்குல உக்காந்து பாக்குற வேலைம்மா. சத்தமே இருக்காது. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லது இத்தன வருஷமா எங்க சார் இருந்துச்சு? இந்தப் பெட்டிலயா?" சுவர்ப் பெட்டியைத் திறந்து, சர்க்கரைப் பொட்டலம் முழுவதையும் அவர் மேசையில் கொட்டினாள். "இதத்தான் காதுல வெச்சுக்கணுமா?"

"கத்தாதம்மா."

"கத்தலன்னா இங்க யாருக்குக் கேக்குது?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்தத் தளத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், மெஷின் நின்ற பிறகும். மெத்தைக்காரிகளுக்குத் தொண்டை பெரிசு என்று பஸ்ஸில் கேலி பேசுவார்கள்.

டீ நேரத்துக்கு மெஷினை நிறுத்தினார்கள். அவள் வரிசையில் பதினான்கு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி ஒவ்வொருத்திக்கும் பின்னால் போய் இடது தோள் பக்கம் நின்று, வீட்டில் பேசுகிற குரலில் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "உன் காலடியில பாம்பு."

முதலாமவள் டீயை மடியில் கொட்டிக்கொண்டு துள்ளினாள். பெஞ்சே சிரித்தது. இரண்டாமவள் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாமவளும் அசையவில்லை. நான்காமவள், எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, "என்னடி? மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஊசி வரிசையின் கடைசி வரை போனாள். ஐந்து பேர் துள்ளினார்கள். ஒன்பது பேர் டீ குடித்தார்கள்.

ஒன்பது பேரும் ஒளித்திருக்கிறார்கள், கம்பெனியிடம் மட்டுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடமும். ஒவ்வொருத்தியும் தன் ஒருத்திக்குத்தான் என்று நினைத்து, மற்றவர்கள் தன் வலது பக்கம் இருக்கும்படி இடது ஓரத்து நாற்காலியைத் தேடியிருக்கிறாள். எல்லோருக்கும் அந்த இடது ஓரமே வேண்டும் என்பதால்தான் கேன்டீனில் தினமும் இடச்சண்டை. வருடக்கணக்காக அதை வெறும் பொம்பளைச் சண்டை என்று சிரித்த சூப்பர்வைசரும் கேன்டீன்காரரும் வாசலில் வந்து நின்றார்கள்.

"என்னம்மா இது, வேலை நேரத்துல விளையாட்டு?" என்றார் சூப்பர்வைசர்.

"விளையாட்டு இல்ல சார். ஸ்டிக் செக். நான் கிடங்குக்குப் போறேன்னா ஒன்பது பேரையும் என்கூட அனுப்புங்க. நாளைக்கு மெத்தைக்கு யாரு பொத்தான் வெப்பாங்கன்னு பாக்கலாம்."

அவர் மெத்தை அடுக்கைப் பார்த்தார். அன்று மாலைக்குள் லாரி ஏற வேண்டிய அடுக்கு. உள்ளே போனார். ஊசி தன் மேசைக்குப் போனாள். முடிச்சுப் போட்டாள். இரண்டு முறை இழுத்தாள்.

மூன்றாம் நாள் பத்துப் பேரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அங்கே வாசல் படியில் அக்கா நின்றிருந்தாள். யார் சொன்னார்கள் என்று ஊசி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் சற்றுத் தள்ளி நின்று விளம்பரப் பலகையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"நானும் அங்க ஒன்பது வருஷம் இருந்தவதானே. என் பேரையும் சேத்துக்கோ" என்றாள் அக்கா. "எனக்கு ராத்திரியானா காதுல சில்வண்டு கத்துற மாதிரி ஒரு சத்தம். உன்கிட்ட சொன்னதில்ல."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீ என்ன ஊருக்கெல்லாம் சொல்லிட்டா இருந்த?"

ஊசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வா. ஆனா கோலப் பத்திப் பேசின, படியிலேயே தள்ளிவிட்டுருவேன்."

"பேசல."

"அது கோல்தான்."

"சரி."

"சரின்னு சொல்லாத. கோபம் வருது."

அக்கா வாயை மூடிக்கொண்டு வலது பக்கமாக வந்தாள். ஊசி நகரவில்லை. இடது காதைத் திருப்பவும் இல்லை.

சுவர்ப் பெட்டியில் இப்போது காதடைப்பான் இருக்கிறது. காலாவதித் தேதி போன வருடத்தோடு முடிந்துவிட்டது. அந்தப் பாக்கெட்டையும் புகாரோடு இணைத்திருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொது ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை.